டேட்டாபேஸ் மும்பைக்குக் குடிபோன பிறகு

எனக்கு அடிக்கடி வரும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒரு வகை உண்டு. "அண்ணா, என் லேப்டாப்ல நல்லா ஓடுது. டிபிய மட்டும் கிளவுடுக்கு மாத்தினேன், கனெக்ட் ஆகவே மாட்டேங்குது." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். பைத்தான் கக்கிய வரிகளெல்லாம் அதில் இருக்கும், வேண்டிய கடைசி வரி மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது, அது வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது? இரண்டாவது கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆனால் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

பொதுவாகப் பேசினால் எதுவும் ஒட்டாது, அதனால் நான் அதிகம் பார்க்கும் ஜோடியையே எடுத்துக்கொள்கிறேன்: பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஒரு செயலி, அமேசானே பராமரித்துத் தரும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இடம் மும்பை ரீஜியன் (அமேசானின் டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்). ஆர்டிஎஸ் 2009-இல் மைஎஸ்க்யூஎல்லோடு தொடங்கியது, போஸ்ட்கிரெஸ் 2013-இல்தான் வந்து சேர்ந்தது, மும்பை ரீஜியன் திறந்தது 2016-இல். அதற்கு முன்பு அமேசானில் நமக்குப் பக்கத்து ஊர் என்றால் சிங்கப்பூர்தான். ஆர்டிஎஸ்ஸில் நம் கைக்கு வருவது டேட்டாபேஸின் முகவரியாக ஒரு நீளமான எண்ட்பாயிண்ட் பெயர், 5432 என்ற போர்ட், ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட். அந்த மெஷினுக்குள் லாகின் செய்து பார்க்க முடியாது, எல்லா உரிமையும் உள்ள முழு சூப்பர்யூசரும் கிடையாது. எனவே ஏதாவது தகராறு என்றால் வெளியே நின்றுகொண்டு, வரும் எரரை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நம் பாக்கெட் (நெட்வொர்க்கில் நாம் அனுப்பும் தரவுத் துண்டு) எது வரை போய்ச் சேர்ந்தது என்பதுதான் அந்த ஊகம் முழுக்க. இதைத் தெரிந்துகொள்ளாமல் செட்டிங்ஸ் ஃபைலில் ஒவ்வொரு வரியாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள்தான் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

எரர் உடனே வந்து, ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் பாக்கெட் இன்னும் கிளம்பவே இல்லை. எண்ட்பாயிண்டுக்குப் பதிலாக இன்ஸ்டன்ஸின் செல்லப் பெயரைப் போட்டிருப்பார்கள், அல்லது பிரவுசர் பழக்கத்தில் முன்னால் எச்டிடிபிஎஸ் ஒட்டியிருப்பார்கள். இது சின்ன விஷயம், விடுங்கள்.

உடனே வந்து 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் கதை வேறு. ஒரு மெஷின் வரை போயாயிற்று, ஆனால் அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஆள் இல்லை, 'போ' என்று அந்த மெஷினே பதில் அனுப்பியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டிஎஸ்ஸிடமிருந்து இந்தப் பதில் வருவது அபூர்வம். ஆகவே இந்த எரரைக் கண்டால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், இவன் ஆர்டிஎஸ்ஸுக்கே போகவில்லை, தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறான் என்பதுதான். சர்வரில் என்விரான்மெண்ட் வேரியபிள் செட் ஆகியிருக்காது, கோடில் 'இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட்' என்று ஒரு டீஃபால்ட் எழுதி வைத்திருப்பார்கள், அது சத்தமில்லாமல் அங்கே போய் முட்டிக்கொண்டிருக்கும். டாக்கருக்குள் (செயலியைத் தனிக் கண்டெய்னரில் அடைத்து ஓட்டும் முறை) இருந்தால் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரே, பக்கத்துக் கண்டெய்னர்கூட இல்லை. அந்த மாதிரி டீஃபால்ட் எழுதுவதையே நான் எதிர்க்கிறேன். வேரியபிள் இல்லையென்றால் செயலி கிளம்பும்போதே செத்துப் போகட்டும், காரணம் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது வகைதான் ஆளைக் கொல்வது. எரரே வராது. சுற்றிக்கொண்டே இருக்கும். செக்யூரிட்டி குரூப், அதாவது யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் அமேசானின் ஃபயர்வால், தான் அனுமதிக்காத பாக்கெட்டுக்கு மறுப்பும் சொல்லாது, அப்படியே விழுங்கிவிடும். லினக்ஸ் தன் வழக்கப்படி பல முறை மறுபடி அனுப்பிப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் கைவிடும். போஸ்ட்கிரெஸ் கிளையண்ட் லைப்ரரியோ, நாம் சொல்லாத வரை தானாக ஒரு காலக்கெடுவும் வைத்துக்கொள்ளாது. இதற்கிடையில் ஜாங்கோவுக்கு முன்னால் நின்று அதை வொர்க்கர்களாக ஓட்டும் கூனிகார்ன் சர்வர் தன் இயல்பான அமைப்பில் 30 விநாடி பார்த்துவிட்டு, 'இந்த வொர்க்கர் செத்துவிட்டான்' என்று அதைக் கொன்றுவிடும். ஆக லாகில் கிடைப்பது 'வொர்க்கர் டைம்அவுட்' என்ற ஒரு வரி. டேட்டாபேஸ் என்ற சொல்லே அதில் இருக்காது. கூனிகார்ன் டைம்அவுட்டை 120 ஆக்கினால் சரியாகுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆகாது. கனெக்ட் டைம்அவுட்டை 5 விநாடி என்று வைத்துவிட்டுப் பாருங்கள், உண்மையான எரர் தானாக வெளியே வரும்.

சரி, பாக்கெட் விழுங்கப்படுகிறது. இப்போது எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. செக்யூரிட்டி குரூப்பில் போய் 0.0.0.0/0 என்று போட்டு உலகத்துக்கே திறந்துவிடுவது. ஏன் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. 'மை ஐபி' என்ற பொத்தானை அழுத்தினால் இன்றைக்கு வேலை செய்யும். சாயந்திரம் கரண்ட் போய் வரும், ரவுட்டர் மறுபடி எழுந்திருக்கும், பிராட்பேண்ட்காரன் வேறு ஐபி கொடுத்திருப்பான், காலையில் மறுபடி கனெக்ட் ஆகாது. நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே ஐபிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன, அதனால் 'என் ஐபி' என்று நாம் அனுமதித்தது தெருவில் பாதிப் பேரின் ஐபியாகவும் இருக்கலாம். எரிச்சலில் கதவைத் திறந்து போட்டுவிடுகிறார்கள், வேலை நடக்கிறது, அப்படியே மறந்தும் விடுகிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே போஸ்ட்கிரெஸ் லாகில் யார் யாரோ 'அட்மின்', 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயர்களில் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். இணையம் முழுக்க 5432-ஐத் தட்டிக்கொண்டு திரியும் தானியங்கி புரோகிராம்களுக்கு நம் கம்பெனி பெரியதா சிறியதா என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

செயலி ஓடும் சர்வருக்கு ஒரு செக்யூரிட்டி குரூப் இருக்கிறதல்லவா, டேட்டாபேஸின் குரூப்பில் ஐபிக்குப் பதிலாக அந்தக் குரூப்பையே சோர்ஸாகக் கொடுங்கள். சர்வர் மாறினாலும் ஐபி மாறினாலும் கவலை இல்லை. நீங்கள் லேப்டாப்பிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அந்த சர்வர் வழியாக ஒரு எஸ்எஸ்எச் டன்னல் (என்கிரிப்ட் ஆன தனிப் பாதை) போடுங்கள்: லேப்டாப்பின் 5433, அங்கே 5432 ஆகத் திறக்கும். டேட்டாபேஸுக்கு வெளி முகவரியே தேவையில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வேறு போடுகிறார்கள், மாதத்துக்கு மூன்றரை டாலர் சொச்சம், அதுவும் மிச்சம்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. வெளி முகவரி இல்லாத ஆர்டிஎஸ்ஸின் பெயரை வீட்டிலிருந்து தேடினாலும் பதில் வரும். ஆனால் வருவது 172.31 என்று தொடங்கும் உள் முகவரி. பெயர் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் போகவில்லை என்று செக்யூரிட்டி குரூப்பை மணிக்கணக்கில் உருட்டுவார்கள். உள் முகவரிக்கு வீட்டிலிருந்து பாதையே கிடையாது. பெயருக்கு எந்த முகவரி என்று காட்டும் என்எஸ்லுக்அப் கட்டளையை ஒருமுறை அடித்துப் பார்த்தால் முடிந்தது.

'பாஸ்வேர்ட் ஆதெண்டிகேஷன் ஃபெயில்ட்' என்று வந்தால் நான் சந்தோஷப்படுவேன். போஸ்ட்கிரெஸே வாய் திறந்து பேசிவிட்டது, நெட்வொர்க் பக்கம் இனி திரும்பிப் பார்க்க வேண்டாம். பாஸ்வேர்டை எங்கோ தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பாஸ்வேர்டால் நான் அதிகம் பார்க்கும் இன்னொரு தகராறு, டேட்டாபேஸ் யூஆர்எல்லுக்குள் அதை அப்படியே ஒட்டிவிடுவது, அப்போது எரர் வேறு முகத்தோடும் வரலாம். பாஸ்வேர்டில் @ இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் ஹோஸ்ட் பெயர் என்று சில லைப்ரரிகள் எடுத்துக்கொள்ளும். # இருந்தால் அதோடு யூஆர்எல்லே முடிந்துவிட்டது என்று நினைக்கும். @ என்பதை %40 என்றும், # என்பதை %23 என்றும் எழுத வேண்டும். ஆர்டிஎஸ் மாஸ்டர் பாஸ்வேர்டில் @ போடவே விடாது என்பதால் முதலில் இந்தப் பிரச்சினை தெரியாது, செயலிக்கென்று தனி யூசர் உருவாக்கும்போதுதான் வந்து நிற்கும்.

தனி யூசர் உருவாக்கத்தான் வேண்டும், மாஸ்டர் யூசரைச் செயலியின் கையில் கொடுக்கக் கூடாது. அப்படி நல்ல பிள்ளையாக உருவாக்கி மைக்ரேஷன் (ஜாங்கோ டேபிள்களை உருவாக்கி மாற்றும் வேலை) ஓட்டினால் 'பப்ளிக் ஸ்கீமாவுக்கு அனுமதி இல்லை' என்று வரும், ஸ்கீமா என்றால் டேபிள்களை வைக்கும் அறை. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய தாராளத்தை எடுத்துவிட்டார்கள். லேப்டாப்பில் நீங்கள் சூப்பர்யூசர், அதனால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்த யூசரையே டேட்டாபேஸின் ஓனர் ஆக்கிவிடுங்கள், அல்லது ஸ்கீமாவில் கிரியேட் உரிமையைத் தனியாகக் கொடுங்கள்.

அப்புறம் டிஎல்எஸ், அதாவது கனெக்ஷனை என்கிரிப்ட் செய்யும் முறை. ஆர்டிஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் 15 முதல் என்கிரிப்ஷன் இல்லாத கனெக்ஷனை இயல்பாகவே ஏற்பதில்லை. ஆனால் அதைச் சொல்லும் எரர் 'பிஜி எச்பிஏ ஃபைலில் இதற்கு என்ட்ரி இல்லை' என்று ஆரம்பிக்கும். நமக்கோ அந்த ஃபைலைத் தொடவே வழி இல்லை. ஆகவே ஏதேதோ தேடிப் போவார்கள். அந்த வரியின் கடைசியில் 'நோ என்கிரிப்ஷன்' என்று இரண்டு சொல் இருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். பைத்தான் பக்கம் இது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும், ஏனென்றால் அங்கே பயன்படும் போஸ்ட்கிரெஸ் கிளையண்ட் லைப்ரரியான லிப்பிக்யூவின் இயல்பான அமைப்பு 'ப்ரிஃபர்', முடிந்தால் என்கிரிப்ட் செய்துகொள்ளும். நோட் ஜேஎஸ்ஸில் எழுதுபவர்கள்தான் மாட்டுவார்கள், அதற்கு அவர்கள் இணையத்தில் எடுக்கும் மருந்து, சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காதே என்ற ஒரு வரி. 'ரெக்கொயர்' என்று வைத்தால் கனெக்ஷன் என்கிரிப்ட் ஆகும், ஆனால் எதிரே இருப்பது நம் டேட்டாபேஸ்தானா என்று பார்க்காது. அதற்கு 'வெரிஃபை-ஃபுல்' வேண்டும், சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க அமேசான் தரும் சிஏ பண்டில் ஃபைலும் கூட இருக்க வேண்டும். ஒரு ஃபைலை டாக்கர் இமேஜில் சேர்க்கச் சோம்பல்பட்டு இதை விடுபவர்கள்தான் அதிகம். சேர்க்கும்போது முழு பண்டிலையும் சேருங்கள். பழைய 2019 சர்டிஃபிகேட் 2024 ஆகஸ்டில் காலாவதியானது, அந்த ஒன்றை மட்டும் செயலியில் கட்டிப்போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு கெட்ட மாதம்.

இதெல்லாம் தாண்டிக் கனெக்ட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான டுடோரியல்கள் இங்கே ஒரு பச்சை டிக் போட்டு விடைபெற்றுவிடும். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் ருசியான பகுதி, ஏனென்றால் இது ஐந்து பேர் பயன்படுத்தும்வரை தெரியாது, ஐந்நூறு பேர் வரும்போது ஒரே நாளில் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனியாக ஒரு ப்ராசஸைக் கிளப்புகிறது. ஆர்டிஎஸ் எத்தனை கனெக்ஷன் தரலாம் என்பதை மெமரியை வைத்துக் கணக்கிடுகிறது: பைட்டில் உள்ள மெமரியை 9531392 ஆல் வகுக்க வேண்டும், உச்சவரம்பு 5000. எல்லோரும் ஆரம்பிக்கும் மைக்ரோ அளவு மெஷினில் 1 ஜிபி, வகுத்தால் 112. ஆர்டிஎஸ்ஸின் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக நிஜத்தில் அதற்கும் குறைவு. இப்போது நம் பக்கம் வாருங்கள். இரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் ஐந்து வொர்க்கர், ஒவ்வொரு வொர்க்கரிலும் நான்கு த்ரெட், ஆக 40. ஒவ்வொரு சர்வரிலும் பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி ப்ராசஸ் எட்டு, அது 16. மொத்தம் 56, பாதிதான் ஆகியிருக்கிறது, நிம்மதி. வெள்ளிக்கிழமை சாயந்திரம் டெப்ளாய் செய்கிறீர்கள். புது வெர்ஷன் எழுந்து நின்ற பிறகுதான் பழையது இறங்கும், நடுவில் சில விநாடி இரண்டுமே உயிரோடு இருக்கும். கனெக்ஷனை மூடாமல் கையில் வைத்திருக்கும்படி ஜாங்கோவை அமைத்திருந்தால் 56 இரண்டு மடங்காகி 112. போதாததற்கு டீமில் ஒருவர் டேட்டாபேஸை எட்டிப் பார்க்கும் பிஜிஅட்மினைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். 'மீதியுள்ள இடங்கள் ஒதுக்கப்பட்டவை' என்று எரர் வரும், சர்வருக்குள் போய் என்ன நடக்கிறது என்று பார்க்க உங்களுக்கே இடம் இருக்காது.

உடனே மேக்ஸ் கனெக்ஷனை 500 ஆக்குவது இன்னொரு பிரபலமான மருந்து. இரண்டு விசிபியு உள்ள மெஷினில் ஐந்நூறு ப்ராசஸ் சேர்ந்து என்ன செய்யும்? கல்யாண மண்டபத்தில் நூறு இலைதான் விழும் என்றால் வந்த ஐந்நூறு பேரையும் ஒரே நேரத்தில் கூடத்துக்குள் விட்டால் யாருக்கும் சாம்பார் வந்து சேராது, அடுத்த பந்திக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான் வழி. கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பூலர் என்ற புரோகிராம் செய்வது அந்த நாற்காலி வேலை. பிஜிபவுன்சர் இதில் பழைய ஆள், ஸ்கைப் கம்பெனியில் எழுதப்பட்டு 2007-இல் வெளிவந்தது. ட்ரான்சாக்ஷன் மோடில் வைத்தால் ஒரு ட்ரான்சாக்ஷன் முடிந்ததும் அந்தக் கனெக்ஷனை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும், இருபது நிஜக் கனெக்ஷனை வைத்து நூற்றுக்கணக்கானவர்களைச் சமாளிக்கும். அதற்கு விலையும் உண்டு: செஷனில் ஏதாவது செட் செய்துவிட்டு அடுத்த ட்ரான்சாக்ஷனிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாது, ஜாங்கோவில் சர்வர் பக்கக் கர்சரை நிறுத்த வேண்டும். பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட்கூட 2023-இல் வந்த 1.21 வெர்ஷனுக்கு முன்பு இந்த மோடில் வேலை செய்யாது. மைக்ரேஷனை நான் எப்போதும் பூலர் வழியாக அல்லாமல் நேராகத்தான் ஓட்டுவேன். அமேசானின் லேம்டாவில் (ரெக்வெஸ்ட் வரும்போது மட்டும் கோடை ஓட்டும் சேவை) செயலி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், கூட்டம் வந்தால் லேம்டா தன்னைப் போல நூறு பிரதிகளை எழுப்பும், ஒவ்வொன்றும் ஒரு கனெக்ஷன் கேட்கும். 2020-இல் அமேசான் ஆர்டிஎஸ் ப்ராக்சி என்ற பூலரைக் கொண்டுவந்ததே பெரும்பாலும் இவர்களுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது தூரம். லேப்டாப்பில் செயலியும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் இருக்கும்போது ஒரு கேள்வி போய் வரும் நேரம் கண்ணுக்கே தெரியாது. மும்பையில் ஒரே சோனில் (ரீஜியனின் ஒரு பகுதி) இரண்டும் இருந்தால் ஒரு மில்லி விநாடிக்குள். ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது என்று செயலியை அமெரிக்காவில் ஒரு ஹோஸ்டிங்கில் வைத்துவிட்டு, டேட்டாபேஸை மும்பையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பையிலிருந்து வர்ஜீனியா நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போய் வர 130 மில்லி விநாடி என்பது இயற்கை போட்ட கோடு. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 200 என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு கனெக்ஷன் போட டிசிபிக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் வேண்டும் என்று கேட்க ஒரு சுற்று, டிஎல்எஸ்ஸுக்கு ஒரு சுற்று, பாஸ்வேர்ட் சரிபார்க்க மூன்று சுற்று. முதல் கேள்வியைக் கேட்பதற்குள்ளேயே ஒரு விநாடிக்கு மேல் போயிற்று. ஜாங்கோவோ இயல்பாக ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் கனெக்ஷனைப் புதிதாகத் திறந்து மூடும்.

அதற்குமேல் செயலியின் ஒரு வெப் பக்கம் டேட்டாபேஸிடம் நாற்பது கேள்வி (கொர்ரி) போடுகிறது என்றால் எட்டு விநாடி. ஆர்டர் பட்டியலில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கும் அந்தப் பழைய என்+1 வியாதி, லேப்டாப்பில் சத்தமில்லாமல் படுத்திருந்துவிட்டு இங்கேதான் எழுந்து உட்காரும். இண்டெக்ஸ் போட்டுப் பார்த்தேன், மெஷினைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாற்றமே இல்லை என்பார்கள். டேட்டாபேஸ் ஒவ்வொரு கொர்ரியையும் ஒரு மில்லி விநாடியில் முடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறது, நேரமெல்லாம் கடலுக்கடியில் கேபிளில் போகிறது. இரண்டையும் ஒரே ரீஜியனில் வையுங்கள், தொடர்புள்ளதையும் ஒரே கொர்ரியில் எடுக்கும் ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட் போடுங்கள், இந்த வரிசையில்.

சும்மா கிடக்கும் கனெக்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை. செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஒரு நாட் கேட்வே (உள் முகவரிகளை வெளி இணையத்தோடு இணைக்கும் அமேசான் சேவை) இருந்தால், 350 விநாடி பேச்சுமூச்சு இல்லாத கனெக்ஷனை அது மறந்துவிடும். லினக்ஸ் 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கவே இயல்பாக 7200 விநாடி எடுத்துக்கொள்ளும். அதனால் காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளுக்கு மட்டும் எரர் வரும், ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும். அந்த 7200-ஐ, அதாவது கீப்அலைவ் நேரத்தைக் குறையுங்கள், ஜாங்கோ 4.1 முதல் உள்ள கனெக்ஷன் ஹெல்த் செக்கையும் போட்டுவிடுங்கள், இது போய்விடும்.

கடைசியாக ஒன்று, தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். டேட்டாபேஸை மாற்றிய பிறகு எல்லாம் ஓடும், எழுத்தும் ஒழுங்காகத் தெரியும், ஆனால் பெயர்ப் பட்டியலின் வரிசை மாறியிருக்கும். லேப்டாப்பில் அல்பைன் என்ற சின்ன லினக்ஸ் உள்ள டாக்கர் இமேஜில் போஸ்ட்கிரெஸ் ஓட்டியிருந்தால் அங்கே மொழிவாரி வரிசை கிடையாது, யூனிகோட் எண் வரிசைதான். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, ழ வ-வுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் அப்பாசாமிக்கு முன்னால் அன்பரசன் வருவார், அவிநாசிக்கு முன்னால் அழகப்பன் வருவார். கிளவுடில் டேட்டாபேஸ் வேறு கொலேஷனோடு (எழுத்து வரிசை விதி) உருவாகியிருந்தால் அங்கே வேறு வரிசை. டெஸ்ட்டில் பாஸான பக்கத்தை வாடிக்கையாளர் பார்த்துவிட்டு "பேரெல்லாம் ஏன் சார் மாறிக் கிடக்கு?" என்று கேட்பார். இதற்காக முழு டேட்டாபேஸையும் கலைக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியு என்ற யூனிகோட் லைப்ரரியின் கொலேஷன்கள் கூடவே வருகின்றன, தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. டேபிளில் பெயர் இருக்கும் நெடுவரிசைக்கு மட்டும் அதைக் குறிப்பிட்டு ஒரு மைக்ரேஷன் எழுதினால் இரண்டு இடத்திலும் அப்பாசாமி முதலில் வந்துவிடுவார்.